பழைய கண்ட்ரோல் லைன் விமானத்தைக் கட்டிப் பறக்கவிட

கண்ட்ரோல் லைன் என்றால், நடுவில் நிற்பவர் இரண்டு கம்பிகளால் பிடித்து வட்டமாகப் பறக்கவிடும் மாதிரி விமானம். பல வருஷம் பெட்டிக்குள் கிடந்த பால்சா என்ற லேசான மரம், சருகு மாதிரி நொறுங்கும். கிட்டில், அதாவது கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டியில், இருப்பதை நான் அப்படியே ஒட்டுவதில்லை. அதை அச்சாக வைத்துப் புதுப் பால்சாவில் வெட்டிக்கொள்வேன்.

இந்த விமானத்தின் உயிர்நாடி பெல்கிராங்க்தான். கைப்பிடியிலிருந்து வரும் இரண்டு கம்பிகளின் இழுப்பை வாலில் உள்ள எலிவேட்டருக்கு, அதாவது விமானத்தை ஏற்றி இறக்கும் மடலுக்கு, கடத்தும் சின்னத் தகடு அது. பால்சாவில் அல்ல, பிளைவுட்டில் போல்ட் போட்டு முடுக்குங்கள். எலிவேட்டரைத் தூக்கிவிட்டால் தன் எடையிலேயே தொங்கி விழவேண்டும். கொஞ்சம் சிக்கினாலும் பறக்கவிடாதீர்கள்.

அப்புறம் எடை. விமானத்தின் எடைமையம் பெல்கிராங்க் போல்ட்டுக்கு முன்னால் இருக்கட்டும். என் முதல் விமானம் வால் கனத்தது; பாதிச் சுற்றில் தலைகுப்புற விழுந்தது. பொறுக்கி எடுக்க ஒரு பை போதும்! வெளிப்பக்க இறக்கை நுனியிலும் சிறு ஈயத்துண்டு வையுங்கள், கம்பிகளின் எடைக்கு ஈடாக.

மின்கம்பி பக்கம் போகவே கூடாது. கம்பிகளை நன்றாக இழுத்துப் பாருங்கள், கைப்பிடியை 'மேலே' என்று சாய்த்தால் எலிவேட்டரும் மேலேதான் போகிறதா என்றும். விமானம் கிளம்பும்போது காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் விமானம் வெளியே தள்ளப்படும், கம்பி தொய்யாது. கண் விமானத்தின் மேலேயே இருக்கட்டும். தரையைப் பார்த்தால் தலை சுற்றும்.