பெயின்ட்பால் குறி தவறுகிறதா? மார்க்கரைத் திட்டும் முன் பாருங்கள்

ஏற்காட்டுக்குப் பெயின்ட்பால் விளையாட வரும் புதியவர்கள் நாலு சாயக் குண்டு சுடுவார்கள். இரண்டு விலகிப்போனால் போதும், "அண்ணா, இந்தக் கன்னே கோணலா சுடுது" என்பார்கள். அவர்கள் கன் என்பதுதான் மார்க்கர், சாயக் குண்டு சுடும் கருவி. மாஸ்கைக் கழற்றாதே, நிதானமாகக் குறிவை என்பதெல்லாம் களத்திலேயே சொல்லிவிடுவார்கள். நான் வேறு தவறுகளைச் சொல்கிறேன்.

குண்டைப் பார்க்காமல் பேரல் வாங்குவது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். சேலத்திலிருந்து வந்த ஒரு தம்பி 18 அங்குலப் பேரல் (மார்க்கரின் குழல்) வாங்கி மாட்டியிருந்தார். நல்ல விலை. டிரம்மை நோக்கிச் சுட்டால் ஒன்று இடப்பக்கம் வளைகிறது, அடுத்தது மேலே போகிறது. குண்டுப் பையைக் காட்டச் சொன்னேன். போன வாரமே பிரித்த பை, அதுவும் சித்திரை வெயிலில் கார் டிக்கியிலேயே கிடந்திருக்கிறது. ஒரு குண்டை விரலில் உருட்டினேன். ஒரு பக்கம் தட்டையாகி, பிசுபிசுவென்று ஒட்டியது.

குண்டின் ஓடு ஜெலட்டின். வெயிலில் இளகும், ஈரத்தை உறிஞ்சி ஊதும். சேலத்து வெயிலில் இளகிய பையை, 20 கொண்டை ஊசி வளைவு ஏறிவந்து மூடுபனியில் திறந்துவைத்தால் என்ன ஆகும்? உருண்டை கெட்ட குண்டு தாறுமாறாகச் சுழன்றபடி பறந்து, காற்றில் வளையும். அதை எந்தப் பேரலும் நேராக்காது. 12, 14 அங்குலத்துக்கு மேல் நீளம் கூடினால் உரசல்தான் மிச்சம்.

பெயரளவில் எல்லாமே 0.68 அங்குலக் குண்டுதான். ஆனால் பெட்டிக்குப் பெட்டி அளவு கொஞ்சம் மாறும். பேரலை மார்க்கரிலிருந்து கழற்றி, ஒரு குண்டை உள்ளே போடுங்கள். தானாக உருண்டு விழுந்தால் தளர்வு. வாயால் ஊதினாலும் நகராவிட்டால் இறுக்கம். தானாக நழுவாமல், ஒரு ஊதலில் வெளியே வந்தால் சரி.

தேவையான அளவு மட்டும் பிரியுங்கள், மிச்சத்தை இறுக மூடி நிழலில் வையுங்கள், அவ்வப்போது பையைத் திருப்பிப் போடுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம், குளிரில் ஓடு நொறுங்கும்.

குண்டு உள்ளே உடைந்த பின்னும் சுடுவது

துடைக்காமல் அடுத்த குண்டைச் சுடாதீர்கள். பேரலுக்குள் ஒட்டிய சாயம், பின்னால் வருவதையெல்லாம் சுழற்றிவிடும்.

காலையில் வைத்த வேகத்தில் மதியமும் ஆடுவது

குண்டைத் தள்ள கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இது. 20 டிகிரியில் உள்ளே சுமார் 830 பிஎஸ்ஐ அழுத்தம். 30 டிகிரியில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். பனி விலகாத காலையில் திருகி வைத்த வேகம், உச்சி வெயிலில் ஏறிவிடும். வினாடிக்கு 300 அடிக்கு மேல் போனால் எதிரே நிற்பவருக்கு ஆபத்து. அதனால் மதியம் மறுபடி கிரோனோவில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) அளந்தே ஆக வேண்டும். அழுத்தக் காற்று சிலிண்டர், அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் இருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

படபடவென்று சுட்டுத் தள்ளுவது

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் குளிர்ந்து, அழுத்தம் இறங்கி, கடைசிக் குண்டுகள் பாதியிலேயே விழும்.

பேரலுக்குள் எண்ணெய் விடுவது

வேண்டவே வேண்டாம்.

தரையில் கிடப்பதைப் பொறுக்கிச் சுடுவது

மண் ஒட்டிய குண்டு பேரலைக் கீறும், உள்ளேயே உடையும். விழுந்தது விழுந்ததுதான், விட்டுவிடுங்கள்.