பழைய 800-க்கு டேங்க் காற்று: 9 விநாடி கூடுதல் இழுவை

ஆலங்குளத்தில் மாமாவின் பழைய அரிசி ஆலைக் களம் சும்மா கிடக்கிறது. டேங்கில் அடைத்த காற்றை எஞ்சினுக்குள் செலுத்திச் சில விநாடி கூடுதல் இழுவை பெறுவதை, அங்கே வைத்துத்தான் என் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) மாருதி 800-ல் செய்தேன். ரோட்டில் ஓடும் வண்டியில் செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இப்படி மாற்றுவதற்கு இடம் தராது.

முதலில் கணக்கு. 796 சிசி எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் விநாடிக்குச் சுமார் 20 லிட்டர் காற்றை இழுக்கும். அழுத்தத்தை 0.3 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) கூட்டிக் கொடுத்தால் 26 லிட்டர். 40 லிட்டர் டேங்கில் 8 பார் ஏற்றி 2 பார் வரை இறக்கினால் கிடைப்பது 240 லிட்டர். ஆக, 9 விநாடிதான்.

டேங்குக்கு லாரி ஏர்பிரேக் டேங்கே நல்லது. உள்ளே துரு இருந்தால் வேண்டாம். தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்த பிறகே காற்று ஏற்றுங்கள். கேஸ் சிலிண்டரைத் தொடவே தொடாதீர்கள். டேங்கிலிருந்து ரெகுலேட்டர், அப்புறம் அரை அங்குல 12 வோல்ட் சொலினாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு). ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் மட்டும் திறக்கும்படி ஒரு சுவிட்ச். ஃபிட்டிங் எல்லாம் பித்தளைதான், பிளாஸ்டிக் எனக்குப் பிடிக்காது.

கார்புரேட்டர் மேலே காற்று கசியாத அலுமினியப் பெட்டி வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கம் ஒருவழிக் கதவு வையுங்கள், இல்லாவிட்டால் விட்ட காற்றெல்லாம் ஃபில்டர் வழியாகவே வெளியே போய்விடும். பெட்டியில் 0.4 பாரில் திறக்கும் சேஃப்டி வால்வு கட்டாயம். ரெகுலேட்டர் பழுதானால் அதுதான் எஞ்சினைக் காப்பாற்றும்.

இனி, என்னை மூன்று வாரம் அலைக்கழித்த இடம். சொலினாய்டு திறந்ததும் வண்டி பாய்வதற்குப் பதில் இருமி நின்றுவிடும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பிளக் மாற்றினேன், பலனில்லை. வண்ணார்பேட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி கேட்ட ஒரே கேள்வியில் விடை கிடைத்தது: “மிதவை அறைக்குள்ள எந்தக் காத்து இருக்கு தம்பி?” கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் இடம்தான் மிதவை அறை. அங்கே அழுத்தம் கூடுதலாகவும் காற்று பாயும் தொண்டையில் குறைவாகவும் இருப்பதால்தான் பெட்ரோல் ஜெட் வழியே ஏறுகிறது. நான் தொண்டையில் மட்டும் அழுத்தத்தைக் கூட்டிவிட்டேன். அறை வெளிக்காற்றோடே இருந்தது. அறையின் மூச்சுத் துளையிலிருந்து ஒரு குழாயைப் பெட்டிக்குள் இணைத்தேன். இருமல் போயிற்று, ஆனால் நாலைந்து விநாடியில் பெட்ரோல் வற்றியது. பழைய மெக்கானிக்கல் பம்பால் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள முடியவில்லை. பம்ப் அழுத்தம் எப்போதும் பெட்டியைவிட மேலே இருக்க வேண்டும். பெட்டியின் அழுத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ரெகுலேட்டரோடு எலெக்ட்ரிக் பம்ப் போட்டேன், அப்புறம்தான் சரியானது. காற்றைக் கொடுப்பது எளிது, அதற்கு ஈடாகப் பெட்ரோலைக் கொடுப்பதுதான் முழு வேலையும். பெட்ரோல் குறைந்தால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வந்து பிஸ்டன் உருகும்.

இக்னிஷன் டைமிங்கை (பிளக்கில் பொறி விழும் நேரத்தை) கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள். எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் மூச்சுக் குழாயைப் பெட்டியிலிருந்து பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆயில் சீல் பிதுங்கும். சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். ஐப்பசி மழைக்காலத்தில் டேங்க் அடியில் தண்ணீர் அதிகம் சேரும், தினமும் வடித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர், அழுத்தம் ஏறும்போது திராட்டில் தண்டின் (ஆக்சிலேட்டரை மிதித்தால் கார்புரேட்டரில் திரும்பும் தண்டு) ஓரத்தில் பெட்ரோல் கசிகிறது என்று எழுதியிருந்தார். என் வண்டியிலும் பார்த்தேன், லேசாகக் கசிந்தது. தண்டுக்குப் புது புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) போட்டேன். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்றுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டர் வைக்கலாமா என்று கேட்ட இன்னொருவருக்கு: வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலே பற்றிக்கொள்ளும்.