தொடக்கப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்கு மாறும் பிள்ளைக்கு உதவுவது எப்படி?

தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளை நாளின் பெரும்பகுதியை ஒரே ஆசிரியரின் பார்வையில் கழிக்கிறது. கணக்கில் தடுமாறும் பிள்ளை கதை சொல்வதில் முந்திக்கொள்ளும் என்பதும், காலையில் சாப்பிடாமல் வந்தால் அன்று முழுதும் வாய் திறக்காது என்பதும் அந்த ஆசிரியருக்குத் தெரியும். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் பாடத்துக்கு ஒருவராகப் பல ஆசிரியர்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரும் பிள்ளையை ஒரு பாடவேளை மட்டுமே பார்க்கிறார்கள். பெரிய கட்டடம், மூத்த மாணவர்கள், கடினமான பாடங்கள் என்று பெற்றோர் கவலைப்படுபவற்றைவிட இதுவே பெரிய மாற்றம் என்பது என் கருத்து. எனவே உதவ விரும்புபவர்கள் முதலில் உறுதிசெய்ய வேண்டியது, புதிய பள்ளியில் இந்தப் பிள்ளையை முழுமையாக அறிந்திருக்கப்போகும் பெரியவர் யார் என்பதையே. பெரும்பாலும் அவர் வகுப்பாசிரியராக இருப்பார். யாராக இருந்தாலும், அவருடைய பெயர் பள்ளி தொடங்குமுன் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அவருக்குத் தேவையான செய்திகள் பழைய பள்ளியிலிருந்துதான் வர வேண்டும். மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. கடைசி வகுப்பின் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் அரைப் பக்கம் எழுதி அனுப்பலாம்: எதை உதவியின்றிச் செய்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது, புரியாதபோது கேட்குமா அல்லது புரிந்ததுபோல் தலையாட்டுமா, பார்வையிலோ செவித்திறனிலோ குறை உண்டா, யாருடன் அமர்ந்தால் நன்றாக வேலை செய்கிறது, யாருடன் சேர்த்து உட்காரவைக்கக் கூடாது. ‘நல்ல பிள்ளை’, ‘குறும்பு அதிகம்’ போன்ற முத்திரைகளால் புதிய ஆசிரியருக்கு எந்தப் பயனும் இல்லை. பிள்ளையைப் பார்க்குமுன்பே ஒரு முடிவுக்கு வரத்தான் அவை உதவும். குடும்பச் சூழல் பற்றிய செய்திகளைப் பெற்றோரின் சம்மதத்துடன் மட்டுமே சேர்க்க வேண்டும். தன்னைப் பற்றிப் புதிய ஆசிரியர் அறிய வேண்டியது என்ன என்று பிள்ளையையே சில வரிகள் எழுதச் சொல்வதும் நல்லது. பெரியவர்கள் கவனிக்கத் தவறிய ஒன்று பெரும்பாலும் அதில் இருக்கும்.

மாரிஸ் கால்டன், ஜான் கிரே, ஜீன் ரடக் ஆகியோர் இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, பள்ளி மாறிய பிறகான ஆண்டில் ஐந்தில் இரண்டு மாணவர்கள் எதிர்பார்த்த முன்னேற்றத்தை அடைவதில்லை என்று மதிப்பிட்டது. பிள்ளைகளை வரவேற்பதில் பள்ளிகள் காட்டும் அக்கறை பாடத் தொடர்ச்சியில் காட்டப்படுவதில்லை என்பதும் அவர்கள் சுட்டிய குறை. ஏற்கெனவே கற்றதை முதல் மாதம் முழுதும் மீண்டும் நடத்தினால் ஆர்வமுள்ள பிள்ளை சலிப்படையும். எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று தாண்டிச் சென்றால் பின்தங்கிய பிள்ளை மேலும் பின்தங்கும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பிள்ளையும் தன் கடைசி ஆண்டின் மிகச் சிறந்த குறிப்பேட்டைப் புதிய பள்ளிக்கு எடுத்துவரச் செய்யலாம். அதன் தரத்துக்குக் குறைந்த வேலையை ஏற்காமலிருக்கப் பாட ஆசிரியருக்கு அது ஓர் அளவுகோலாகும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியதில் முதன்மையானது வாசிப்பு. தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் வாய்வழியாக விளக்கியதைக் கொண்டே சமாளித்த பிள்ளை, அறிவியல், வரலாறு முதலிய பாடநூல்களைத் தானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய நிலை வரும்போது திணறும்; அதை எல்லாரும் அறிவியலில் உள்ள பலவீனம் என்றே எண்ணுவார்கள். விடுமுறையிலேயே புதிய பாடநூலின் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லி, படித்ததைச் சொந்தச் சொற்களில் கூறச் சொல்லுங்கள். சொல்லுக்குச் சொல் தயங்கினாலோ, சரளமாகப் படித்தும் பொருள் சொல்ல முடியாவிட்டாலோ, முதல் தேர்வு வரை காத்திராமல் வகுப்பாசிரியரிடம் அதைத் தெரிவித்துவிடுங்கள்.

அடுத்தது, தன் வேலையைத் தானே ஒழுங்குபடுத்தும் பழக்கம். பல ஆசிரியர்கள் தனித்தனியே தரும் வீட்டுப்பாடங்கள் ஒரே நாளில் குவியக்கூடும் என்பது பிள்ளைக்குப் புதிது. வீட்டுப்பாடத்தைத் தந்த நாளின் கீழ் எழுதாமல், ஒப்படைக்க வேண்டிய நாளின் கீழ் டைரியில் எழுதப் பழக்குங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். கால அட்டவணையின் ஒரு படியைப் பை வைக்கும் இடத்தில் ஒட்டி, மறுநாளுக்கான புத்தகங்களை இரவே எடுத்துவைக்கச் செய்யுங்கள். முதலில் சேர்ந்து செய்து, பிறகு அருகில் நின்று பார்த்து, பின்னர் எடுத்துவைத்தாயா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பையைக் கடைசிவரை பெற்றோரே அடுக்கினால், மறந்த புத்தகத்துக்கும் பெற்றோரையே பிள்ளை குறை சொல்லும்.

புதிய பள்ளியை முன்கூட்டியே பார்ப்பது அவசியம். ஆனால் தலைமையாசிரியரின் வரவேற்புரையால் பிள்ளைகளின் அச்சம் தீராது. கழிப்பறை எங்கே, மதிய உணவை எங்கே உண்பது, வகுப்பறை தெரியாவிட்டால் யாரைக் கேட்பது, பேருந்தைத் தவறவிட்டால் என்ன செய்வது என்பவையே அவர்களின் கேள்விகள். சென்ற ஆண்டு சேர்ந்த மாணவர் சிலரிடம், ஆசிரியர்கள் இல்லாத நேரத்தில், அவற்றைக் கேட்கவிட வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் மாற்றத்தை எளிதில் ஏற்க முடியாத பிறருக்கும், பள்ளி ஆளரவமின்றி இருக்கும்போது கூடுதலாக ஒரு வருகையும், வகுப்பறைகளின் படங்களும் எளிய வரைபடமும் உதவும்.

நட்பு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புதிய வகுப்புப் பிரிவில் அறிந்த முகம் ஒன்றாவது இருக்கும்படி பள்ளி பார்த்துக்கொண்டால் போதும். நண்பர்கள் கிடைத்தார்களா என்று வீட்டில் நாள்தோறும் விசாரிப்பது சுமையாகிவிடும்.

முதல் வாரங்களில் பிள்ளை களைத்து வருவது இயல்பு. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. வீட்டுப்பாடத்துக்காக அதைக் குறைக்க வேண்டாம். ஆனால் பள்ளி நாள் காலைகளில் மட்டும் வரும் வயிற்றுவலி, அடிக்கடி தொலையும் பொருள்கள், உண்ணாமல் திரும்பும் உணவு ஆகியவற்றைக் களைப்பென்று விட்டுவிடக் கூடாது. துன்புறுத்தலுக்கும் அவை அறிகுறியாகலாம். அன்றே வகுப்பாசிரியருடன் பேசுங்கள்.

வகுப்பாசிரியரும் தன் பங்குக்கு, ஐந்தாறு வாரங்கள் கழிந்ததும் பாட ஆசிரியர்கள் அனைவரிடமிருந்தும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு வரி பெற்று, அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பாடத்தில் மட்டும் சரிவு என்றால் அந்தப் பாடத்தில் காரணத்தைத் தேடலாம். எல்லாப் பாடங்களிலும் சரிவு என்றால் வாசிப்பு, உறக்கம், வீட்டுச் சூழல், சக மாணவர்கள் என்ற வரிசையில் விசாரித்து, பெற்றோரை அழைத்துப் பேச வேண்டும். முதல் தேர்வுக்குப் பின் இதே வேலையை இன்னொரு முறை செய்வதற்கும் இப்போதே நாள் குறித்துவிடுவது நல்லது. அமைதியான பிள்ளைகளின் சிரமம் பெரும்பாலும் அப்போதுதான் வெளியே தெரியும்.