முதல்ல இறக்கம், கடைசியில ஏத்தம்: ரொண்டாவில முதல்தரம் நடக்கப்போற ஆக்களுக்கு

ஸ்பெயினுக்குத் தெற்கால, அந்தலூசியாவில ரொண்டா எண்டு ஒரு ஊர் இருக்கு. பாரிஸ், சூரிச் பக்கம் மாமா மாமி வீட்டுக்கு லீவில போற எங்கட வெள்ளவத்தை ஆக்கள் சில பேர் அங்கயும் ஒரு எட்டுப் போயிட்டு வருகினம், ஆனா போய் என்ன செய்யினமெண்டா பாலத்துக்கு மேல நிண்டு ஒரு செல்ஃபி, ஒரு ஐஸ்கிரீம் குடிக்கிறது, பின்னேர பஸ்ஸில மாலகாவுக்குத் திரும்பிறது, அவ்வளவுதான். அந்தப் பாலத்தைக் கீழ போய் நிண்டு அண்ணாந்து பாக்காட்டி ரொண்டாவுக்குப் போனன் எண்டு சொல்லக்கூடாது எண்டது என்ர கட்சி. அதுக்கு மலையேறுற ஆளா இருக்கத் தேவையில்லை, காலிமுகத்திடல்ல நடக்கிற ஆளெண்டாலே காணும். ஒழுங்கா ஒண்டுக்குப் பிறகு ஒண்டா செய்யவேணும், அதைத்தான் இதில எழுதிறன்.

படி 1: ஊர் மேல, நடை கீழ எண்டதை மண்டையில ஏத்துங்கோ

ரொண்டா கடல் மட்டத்தில இருந்து ஏறத்தாழ 740 மீட்டர் உயரத்தில, ஒரு பெரிய பாறை மேடைக்கு மேல இருக்கு. குவாதலெவின் எண்ட ஆறு அந்தப் பாறையை நடுவால அறுத்துக்கொண்டு போகுது. அறுத்த பள்ளத்துக்குப் பேர் எல் தாஹோ, 100 மீட்டருக்கு மேல ஆழம். பழைய ஊர் ஒரு பக்கம், புது ஊர் மற்றப் பக்கம், ரெண்டையும் சேர்க்கிறது புவெந்தே நுவெவோ எண்ட கல்லுப்பாலம். 98 மீட்டர் உயரம். 1751இல தொடங்கி 1793இல தான் முடிச்சவை. அதுக்கு முதல் அவசரமாக் கட்டின பாலம் ஒண்டு 1741இல இடிஞ்சு விழுந்து ஐம்பது பேர் மட்டில செத்துப்போச்சினம், அதுக்குப் பிறகு அவசரப்படேல்லை போல.

இனி முக்கியமான விசயம். சிவனொளிபாதமலைக்குப் போன ஆக்களுக்கு மலைநடை எண்டா ஒரு ஒழுங்கு மனசில பதிஞ்சிருக்கும்: இரவு ஏறுறது, விடியப் பாக்கிறது, காலமை இறங்கிறது. உடம்பு புதுசா இருக்கேக்க ஏத்தம், களைச்ச பிறகு இறக்கம். ரொண்டாவில இது அப்பிடியே தலைகீழ். ஊரில இருந்து வெளிக்கிட்டாலே இறக்கம்தான், ஆஹா எவ்வளவு சுகம் எண்டு கதைச்சுக் கதைச்சு இறங்கிப்போய் திரும்பி வரேக்கதான் முழு ஏத்தமும் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும், அதுவும் தண்ணி முடிஞ்சு, வெயிலும் ஏறின நேரத்தில. எவ்வளவு தண்ணி, எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது, கொழும்பில என்ன பயிற்சி எடுக்கிறது எல்லாம் இந்த ஒரு விசயத்தில இருந்துதான் வருது.

இப்பிடி ஒரு இடம் அந்தக் காலத்தில ஏன் முக்கியமா இருந்தது எண்டு கேட்டா, எல்லை. ரொண்டா கிரனாடா முஸ்லிம் அரசின்ர பக்கம், அங்கால காஸ்தீல் கிறிஸ்தவ அரசு. சுத்திவர செங்குத்துப் பாறை எண்டா மதில் கட்டுற வேலை பாதி மிச்சம். ஆனா மேல இருக்கிறவைக்குத் தண்ணி வேணுமே, அதுக்காக பாறைக்குள்ளாலயே ஆத்துக்குப் படி வெட்டி வச்சிருந்தவை. 1485இல கிறிஸ்தவப் பக்கத்து பெர்டினாண்ட் ராசா முற்றுகை போடேக்க அந்தத் தண்ணி வழி பறிபோனதாலதான் ஊர் கெதியாச் சரணடைஞ்சது எண்டு சொல்லுவினம். ஒரு கோட்டையே தண்ணி இல்லாம விழுந்த இடத்துக்கு நீங்க அரை லீட்டர் போத்தலோட போகாதேங்கோ.

படி 2: கடுதாசி வேலை

இதைக் கெதியாச் சொல்லிடுறன். எங்கட பாஸ்போட்டுக்கு ஷெங்கன் விசா வேணும். எந்த நாட்டில கன நாள் நிக்கப்போறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் அப்ளை பண்ணவேணும், அதால பாரிஸில ரெண்டு கிழமையும் ஸ்பெயின்ல நாலு நாளும் எண்டா அது பிரான்ஸ் விசா. மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையாம கேப்பினம். எடுக்கேக்க மலைநடையும் அதுக்குள்ள அடங்குதா எண்டு ஒருக்கா கேட்டுப்போடுங்கோ, சிலதில அதைக் கழிச்சு விட்டிருப்பினம். மாலகா வரைக்கும் பிளேன், அங்க இருந்து ரொண்டாவுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர், பஸ்ஸும் இருக்கு ரயிலும் இருக்கு. போனா ஒரு இரவாவது ரொண்டாவில தங்கவேணும், இல்லாட்டி இந்தக் கட்டுரையே வேஸ்ட்.

படி 3: கொழும்பில பயிற்சி

கொழும்பு தட்டையான ஊர். நடந்து பழகலாம், ஏறிப் பழக இடம் கிடையாது எண்டு நினைப்பீங்கள். ஃபிளாட்டில இருக்கிற ஆக்களுக்கு அது பிரச்சினையே இல்லை. பின்னேரம் மரைன் டிரைவால கொள்ளுப்பிட்டி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வாங்கோ, வந்து லிஃப்ட் பட்டனை அமத்தாம படியால ஏறுங்கோ. நடைக்கு முதல் இல்லை, நடந்து களைச்ச பிறகு. ஆறாம் மாடி எண்டா ரெண்டு தரம் ஏறுங்கோ. ரொண்டா உங்களிட்டக் கேக்கப்போறது அதைத்தான். வெளிக்கிடுறதுக்கு ஒரு மாசம் முதல் தொடங்கி, கிழமைக்கு மூண்டு நாள் செய்தாக் காணும்.

சப்பாத்து: பெரிய மலைப் பூட்ஸ் தேவையில்லை, அடி நல்லாப் பிடிக்கிற ஓட்டச் சப்பாத்து காணும். ஆனா புதுசா வாங்கி பெட்டியோட கொண்டுபோய் அங்க முதல்தரம் போடாதேங்கோ, மரைன் டிரைவில போட்டு இளக்கிக்கொண்டு போங்கோ. பாட்டா செருப்போட போறன் எண்டு நிக்கிற ஆக்களுக்கு நான் ஒண்டும் சொல்ல ஏலாது, ஆத்துப் பக்கம் இறங்கிற பாதை உருண்டைக் கல்லுப் பதிச்சது, மழை பெஞ்சா வழுக்கும்.

படி 4: எந்த மாசம், எத்தினை மணி

மார்ச் கடைசியில இருந்து மே வரைக்கும், பிறகு செப்டம்பர் கடைசியில இருந்து நவம்பர் நடு வரைக்கும் நல்லது. ஜூலை ஓகஸ்டில 35 பாகை தாண்டுறது சர்வசாதாரணம். எங்களுக்கென்ன வெயில் புதுசா எண்டு கேப்பீங்கள். கொழும்பு வெயில்ல வேர்த்து ஊத்தும், உடனே தண்ணி குடிக்கத் தோணும். அங்க காத்து வரண்டது, வேர்வை வந்த உடனே காய்ஞ்சிடும், உடம்பில தண்ணி குறையிறது தெரியாது, தலையிடி வந்த பிறகுதான் தெரியும். அதால தாகம் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காம அரைமணிக்கு ஒருக்கா குடியுங்கோ. ஒரு ஆளுக்கு அரைநாள் நடைக்கு 2 லீட்டர்.

இன்னொரு விசயம், எங்கட ஆக்களை நல்லாக் குழப்புறது. எங்களுக்கு வருசம் முழுக்க ஆறு, ஆறரைக்கு இருட்டும், உச்சி வெயில் எண்டா பன்னிரண்டு. ரொண்டாவில ஜூன் மாசம் இரவு 9.30 தாண்டித்தான் சூரியன் மறையும், உச்சி வெயிலே ரெண்டு மணிக்குப் பிறகுதான், ஆகக் கூடின சூடு பின்னேரம் நாலுக்கும் ஆறுக்கும் இடையில. 'வெயில் தாழ நாலு மணிக்குப் போவம்' எண்டு இஞ்சத்தைய கணக்கில வெளிக்கிட்டா சரியா அடுப்புக்குள்ள போய் விழுவீங்கள். காலமை ஏழரை எட்டுக்கு வெளிக்கிட்டு ஒரு மணிக்கு முதல் மேல வந்திடுங்கோ.

அப்ப சாப்பாடு? கடையள் ரெண்டில இருந்து அஞ்சு மட்டும் பூட்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை கன இடம் திறக்கவே மாட்டாது. முதல்நாள் இரவே பாண், பழம், தண்ணி வாங்கி வச்சிடுங்கோ. மரக்கறி ஆக்கள் 'சின் கார்னே, சின் ஹமோன்' (இறைச்சி இல்லாம, பண்டித்தொடை இறைச்சி இல்லாம) எண்டு ரெண்டையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கோ, மரக்கறிச் சாப்பாடு எண்டு கேட்டாலும் மேல பண்டி இறைச்சித் துண்டு தூவிக்கொண்டு வாற பழக்கம் அங்க இருக்கு. கச்சான் அல்வா ரெண்டு பக்கெட் கொழும்பில இருந்தே கொண்டுபோனா நடையில அதுக்கு ஈடு இல்லை.

படி 5: முதல் நாள், பாலத்தடி

பழைய ஊருக்குள்ள மரியா ஆக்சிலியாதோரா எண்ட சின்னச் சதுக்கம் இருக்கு. அதின்ர மூலையால ஒரு கல்லுப் பாதை வளைஞ்சு வளைஞ்சு கீழ இறங்குது. பத்து நிமிசத்தில முதலாவது பார்வை மேடை வரும், பாதி ஆக்கள் அதோட திரும்பிடுவினம். நீங்க இன்னும் இறங்குங்கோ. பழைய மதில்ல ஒரு வளைவு வாசல் வரும், அதுக்குள்ளால பாத்தா பாலம் முழுசா, அடியில ஆறு விழுற இடத்தோட சேர்த்துத் தெரியும். கல்லு இடுக்கிலயெல்லாம் அத்திக் கண்டு முளைச்சிருக்கும், சிவப்புச் சொண்டோட கறுப்புக் காகம் மாதிரிப் பறவையள் பாலத்தின்ர வளைவுக்குள்ளால கீச்சுக் கீச்செண்டு போய்வரும், இன்னும் மேல பாத்தா பருந்தை விடப் பெரிய கழுகுகள் வட்டம் போடும். பாலத்தின்ர நடு வளைவுக்கு மேல ஒரு யன்னல் தெரியும், அந்த அறையை ஒருகாலத்தில மறியல் அறையாப் பாவிச்சவை.

பள்ளத்துக்குள்ளயே பாலத்தடிக்குப் போற பாதை மழைக்குப் பிறகு பூட்டுவினம், ஏன் எண்டா மேல இருந்து கல்லு விழும். காளைச்சண்டை அரங்குக்குப் பக்கத்தில சுற்றுலா அலுவலகம் இருக்கு, இறங்கிறதுக்கு முதல் அங்க கேளுங்கோ. பூட்டியிருக்கிற வேலியைத் தாண்டிப் போற வேலை வேண்டாம்.

திரும்பி ஏறேக்க இருபது படிக்கு ஒருக்கா நில்லுங்கோ, வெக்கப்பட ஒண்டும் இல்லை, ஸ்பானிஷ்காரரே நிக்கினம். இது சுகமா முடிஞ்சுதெண்டா அடுத்ததுக்குப் போகலாம், கால் நடுங்கிச்சுதெண்டா அடுத்த நாள் ஓய்வு. பின்னேரம் முழங்கால்ல தெம்பு மிச்சமிருந்தா முன்னம் சொன்ன தண்ணிப் படியையும் பாக்கலாம், காசா தெல் ரே மோரோ எண்ட வீட்டுத் தோட்டத்துக்குள்ளால டிக்கெட் எடுத்து இறங்கவேணும், இருட்டு, ஈரம், படி ஒண்டு உயரம் ஒண்டு பதிவு.

படி 6: ரெண்டாம் நாள், மற்றப் பக்கத்துக் குகைக் கோயில்

பழைய ஊர் மதில்ல இருக்கிற அல்மோகாபார் வாசலால வெளியில வந்தா சான் பிரான்சிஸ்கோ எண்ட பகுதி. அங்க இருந்து ஒலிவ் தோட்டங்களுக்குள்ளால விர்ஹென் தெ லா கபேசா எண்ட குகைக் கோயிலுக்குப் போகலாம், ஒரு வழி மூண்டு கிலோமீட்டருக்குள்ள. முஸ்லிம் ஆட்சிக் காலத்தில கிறிஸ்தவ ஆக்கள் பாறையைக் குடைஞ்சு கட்டினது. கோயில் பூட்டியிருந்தாலும் பரவாயில்லை, அங்க நிண்டு திரும்பிப் பாக்கத்தான் போறது. ரொண்டா எப்பிடி ஒரு பாறைக்கு மேல குந்திக்கொண்டிருக்கு எண்டது ஊருக்குள்ள நிக்கேக்க விளங்காது, இதில இருந்துதான் விளங்கும்.

இந்த நடையில பாதைக்குறி பாத்துப் பழகுங்கோ. வெள்ளையும் சிவப்பும் கோடெண்டா நீண்ட தூரப் பாதை, வெள்ளையும் மஞ்சளும் எண்டா நடுத்தரம், வெள்ளையும் பச்சையும் எண்டா உள்ளூர்க் குறுநடை. ரெண்டு கோடும் ஒண்டை ஒண்டு வெட்டிக்கொண்டு இருந்தா அந்தப் பக்கம் போகக்கூடாது. வழியில கேற் வந்தா திறந்து போய் திரும்பப் பூட்டுங்கோ, உள்ள ஆடு மாடு நிக்கும். ஃபோன்ல மப்பை ஹோட்டல் வைஃபையிலயே டவுன்லோட் பண்ணி வையுங்கோ, அவசரத்துக்கு நம்பர் 112.

படி 7: மூண்டாம் நாள், ஏத்தத்தை ரயிலிட்ட விடுங்கோ

எனக்குப் பிடிச்சது இதுதான். ரொண்டாவில காலமை ரயில் ஏறி பெனாவோஹான் ஸ்டேஷன்ல இறங்குங்கோ, அங்க இருந்து குவாதியாரோ ஆத்தோரமா ஹிமெரா தெ லீபார் ஸ்டேஷன் வரைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நடை, திரும்பி ரயில்ல ரொண்டா. ரொண்டாப் பாலத்துக்குக் கீழால ஓடின அதே தண்ணிதான் வேற ஆத்தோட சேர்ந்து குவாதியாரோ எண்டு இஞ்சால வருது. பாதை ஆறு போற திசையில, சின்னச் சின்ன ஏத்த இறக்கம்தான், பிள்ளையளோட போற ஆக்களுக்கும் தோது. 740 மீட்டருக்கு உங்களைத் தூக்கிக்கொண்டு போறது ரயிலின்ர வேலை.

பெனாவோஹான் பக்கத்தில குவேவா தெல் காத்தோ எண்ட குகை வாய் இருக்கு, அதால ஒரு ஆறு வெளியில வந்து குளம் மாதிரி நிக்கும், கோடையிலயும் தண்ணி ஐஸ். இந்த மலையெல்லாம் சுண்ணாம்புக் கல்லு, உள்ளுக்குள்ள ஓட்டை. குகையின்ர மற்றத் தொங்கலுக்குப் பக்கத்தில 1920களில ஒரு அணை கட்டினவை, தண்ணி தேங்காம பாறைக்குள்ளாலயே ஒழுகிப் போயிட்டுது, அணை இப்பவும் சும்மா நிக்குது. குகைக்குள்ள மட்டும் போகாதேங்கோ, அதுக்கு அனுமதியும் கயிறும் அனுபவமும் வேணும்.

ஒரே ஒரு கவனம்: அந்த லைன்ல நாளுக்கு ரயில் குறைவு, கோட்டை ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரி அடுத்தது வரும் எண்டு நிக்க ஏலாது. திரும்பிற ரயில் நேரத்தை முதல்நாளே பாத்து, அதில இருந்து பின்னுக்கு நாலு மணித்தியாலம் எண்ணி நடையைத் தொடங்குங்கோ. கெதியா வந்து சேர்ந்தா ஹிமெரா ஸ்டேஷன் பக்கத்தில இருந்து கோப்பி குடிக்கலாம்.