கனடாவின் ஒன்டாரியோவில் வாங்கும் வீட்டோடு ஹாட் டப்பும் வந்தால்

நாங்கள் வீடு பார்க்கப் போனபோது பின்முற்றத்தில் இருந்த ஹாட் டப்பை, அதாவது உள்ளே இறங்கி உட்காரும் வெந்நீர்த் தொட்டியை, பிள்ளைகள்தான் முதலில் கண்டார்கள். எங்கள் பேரம் அங்கேயே படுத்துவிட்டது. ஜனவரியில் ஹைட்ரோ பில் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒன்டாரியோவில் பேச்சுவழக்கில் மின்சாரத்துக்குத்தான் ஹைட்ரோ என்று பெயர். தண்ணீர்க் கட்டணம் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். இங்கே உலைவாயை மூடுவதுதான் முக்கால்வாசி வேலை. வெந்நீரின் சூடு பெரும்பாலும் ஆவியாக மேல்வழியேதான் போகிறது. எனவே எதையும் வாங்கும் முன் மூடியைத் தூக்கிப் பாருங்கள். எங்கள் மூடியைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. உள்ளே இருக்கும் நுரைப்பலகை ஆண்டுக்கணக்கில் நீரைக் குடித்து ஊறிப்போயிருந்தது. ஊறிய பலகை சூட்டைத் தடுக்காது, மாற்றத்தான் வேண்டும். பனி பெய்த மறுநாள் காலையில் இன்னொரு சோதனையும் செய்யலாம். மூடியின் மேல் பனி அப்படியே கிடந்தால் நல்லது. நடுமடிப்பில் மட்டும் உருகிக் கோடு விழுந்திருந்தால் உங்கள் பணம் அந்த வழியாகத்தான் போகிறது. மூடிக்கு அடியில் நீரின் மேல் மிதக்கவிடும் மெல்லிய விரிப்பு விலை குறைவு, பலன் அதிகம்.

அடுத்தது நேரம். இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவாக மின்சாரம் தரும் கட்டணத் திட்டம் ஒன்று 2023 முதல் இங்கே உண்டு. உங்கள் பகுதி மின் நிறுவனத்திடம் கேட்டு அதற்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் அதில் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை கட்டணம் இரவைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. அந்த நேரத்தில் சமையலும் துணி துவைப்பதும் நடக்கிற வீடு என்றால் கணக்குப் பார்த்துவிட்டு மாறுங்கள். பல டப்களில் வடிகட்டும் நேரத்தில் மட்டும் சூடாக்கும் சிக்கன முறை இருக்கிறது; அந்த நேரத்தை இரவுக்குத் தள்ளிவிடுங்கள்.

அடுத்தது நீர் மாற்றுவது. 1,500 லிட்டர் பிடிக்கும் டப்பின் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.75 யூனிட் வேண்டும். குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் குழாய் நீரை 38 டிகிரிக்குக் கொண்டுவர 57 யூனிட்டுக்கு மேல் ஆகும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் ஒரே மூச்சில் காலி! ஆகவே குளிர் கடுமையாகும் முன்பே நீரை மாற்றிவிடுவது நல்லது.

வார இறுதியில் மட்டும் இறங்குபவர்கள் மற்ற நாட்களில் வெப்பநிலையைக் குறைத்து வைக்கலாம். அடியோடு அணைத்துவிடத் தோன்றும். நீர் நிரம்பியிருக்கும்போது குளிர்காலத்தில் அதை மட்டும் செய்யாதீர்கள். குழாய்களில் நீர் உறைந்து வெடித்தால் பழுதுபார்க்கும் செலவு பல மாத பில்லை விழுங்கிவிடும். பருவம் முழுவதும் வேண்டாம் என்றால், உறைபனிக்கு முன்பே நீரை வடித்து, குழாய்களில் தங்கியதையும் காற்றால் ஊதி வெளியேற்றத் தெரிந்த ஆளை அழையுங்கள். அதற்கு முன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.