80 டிகிரி கிழக்கு கோடு எங்கெங்க போகுதுன்னு நீங்களே பாக்கறது எப்படி

அட்லஸ்ல மேலேருந்து கீழ வரைக்கும் கோடு போகும்ல, தீர்க்கரேகை, அதுல ஒண்ண புடிச்சுக்கிட்டு அது எந்த ஊரு, எந்த மலை, எந்த கடல் வழியா போகுதுன்னு பாக்க போன்ல கூகுள் மேப்ஸ் இருந்தாலே போதும். நான் எடுத்தது 80 டிகிரி கிழக்கு, ஏன்னா அது நம்ம செங்கல்பட்டு வழியா போகுது.

சர்ச் பாக்ஸ்ல ரெண்டு நம்பர் அடிக்கணும், நடுவுல கமா. முதல்ல அட்சரேகை, அப்புறம்தான் தீர்க்கரேகை. இத மாத்திடாதீங்க, 13, 80 அடிச்சா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வரும், 80, 13 அடிச்சா நார்வேக்கு வடக்க ஸ்வால்பார்டு பக்கத்து பனிக்கடல்ல கொண்டுபோய் விடும்.

இப்ப 75, 80 அடிங்க, ரஷ்யாவுக்கு மேல காரா கடல். அங்கேருந்து 80-ஐ தொடாம முதல் நம்பர மட்டும் குறைச்சுக்கிட்டே வாங்க, 1 குறைஞ்சா ஏறக்குறைய 111 கி.மீ. தெக்க எறங்கியாச்சு. சாட்டிலைட் வியூ போட்டுக்கோங்க, அப்பதான் நெறம் மாறுறது தெரியும். 70-ல சைபீரியா, 44-ல கஜகஸ்தான்ல ஜார்கென்ட், 42-ல தியான்ஷான் மலை, அதத் தாண்டி தக்லமக்கான் பாலைவனம், அப்புறம் திபெத். 30.38 அடிச்சு கொஞ்ச நேரம் நில்லுங்க, 7,816 மீட்டர் நந்தாதேவி கோட்டுக்கு மேற்கே மூணு கிலோமீட்டர் அளவுலதான் நிக்குது, எனக்கு இந்த கோட்டுலயே ரொம்ப புடிச்ச எடம் இதுதான். அப்படியே ஜபல்பூர், கட்சிரோலி, நெல்லூர் (14.45), செங்கல்பட்டு (12.69).

கரை வந்துட்டா 1, 1-ஆ குறைக்காதீங்க, 0.1, 0.1-ஆ குறைங்க, இல்லன்னா தாவிப் போயிடுவீங்க. கடப்பாக்கம் பக்கத்துல கடலோரமா ஆலம்பரைக் கோட்டை இடிஞ்சு கெடக்குல்ல, 12.27, அங்கதான் கோடு வங்கக்கடல்ல எறங்குது. கோடியக்கரைக்கு கிழக்கால கரையத் தொடாமலே போய், காங்கேசன்துறை பக்கம் ஏறி யாழ்ப்பாணம் டவுனுக்குள்ள வருது. வில்பத்து காடு, கம்பஹா, கடைசியா பெந்தோட்டை கடற்கரை (6.42).

அதுக்கப்புறம் நம்பர குறைச்சுக்கிட்டே போங்க, பூமத்திய ரேகை தாண்டினதும் மைனஸ் போடணும், -10, -30, -50 எது அடிச்சாலும் தண்ணிதான், ஒரு தீவு கூட குறுக்க வராது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல வெறும் கடல், -68 பக்கம் போனாத்தான் அண்டார்டிகா கரை. அங்க மேற்கால கொஞ்சம் நகத்திப் பாருங்க, 76 டிகிரி பக்கம் இந்தியாவோட பாரதி ஆராய்ச்சி நிலையம் இருக்கு.