ஆபீஸ் தள்ளுபடியும் போன் பிளானும்: அமெரிக்கா கிளம்பும் நம்ம கரைப் பிள்ளைகளுக்கு

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கத்திலிருந்து துபாய்க்கோ மலேசியாவுக்கோ போனால், விவரம் சொல்ல அங்கே ஒரு காக்காவோ மாமுவோ இருப்பார். அமெரிக்கா போகிறவர்களுக்கு அந்தத் துணை குறைவு. அதிலும் போன் பில் விஷயத்தில் வளைகுடா அனுபவம் அங்கே செல்லாது.

இங்கே கிளம்புவதற்கு முன்பே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவின் மூன்று பெரிய போன் கம்பெனிகளும் (வெரிசான், ஏடி&டி, டி-மொபைல்) 2022-லேயே 3ஜியை மூடிவிட்டன. அதனால் ஊரில் வாங்கிய போன் அங்கே வோல்ட்இ-யில், அதாவது 4ஜி வழியாகவே, பேசுமா என்று, ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண்) கொடுத்து அந்தக் கம்பெனியின் தளத்திலேயே பார்க்கலாம். பேங்க் ஓடிபி வரவேண்டும் என்பதால் ஊர் சிம்மைத் தூக்கிப் போடாதீர்கள். சின்ன ரீசார்ஜில் உயிரோடு வைத்திருங்கள். ரோமிங்கில் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள். தனுஷ்கோடியில் நின்றபடியே இலங்கை டவர் பிடித்துத் தவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போனவுடன் ப்ரீபெய்டு போதும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் (அமெரிக்க அரசு கொடுக்கும் அடையாள எண்) கிரெடிட் ஹிஸ்டரியும் (கடனை ஒழுங்காகக் கட்டிய வரலாறு) இல்லாமல் போஸ்ட்பெய்டு கேட்டால் டெபாசிட் கேட்பார்கள், அல்லது கையை விரிப்பார்கள். மின்ட், விசிபிள் என்று ப்ரீபெய்டு சேவைகள் உண்டு: மின்ட் ஓடுவது டி-மொபைல் டவரில், விசிபிள் ஓடுவது வெரிசான் டவரில். தனி ஆளுக்கு இவையே தாராளம்.

இனி ஆபீஸ் தள்ளுபடி. வேலையில் சேர்ந்ததும் பெனிஃபிட்ஸ் பக்கத்தில் “போன் பிளானுக்கு இத்தனை சதவீதம் கழிவு” என்று கண்ணில் படும். அதைப் பார்த்து மொத்த பில்லும் குறையும் என்று எண்ண வேண்டாம். பெட்டியோடு நிறுத்த மீனில் ஐஸைக் கழித்துத்தானே எடை சொல்லுவோம். இங்கேயும் எது கழியும், எது கழியாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பில் 100 டாலர் என்று வையுங்கள்: பிளான் 60, போன் தவணை 30, வரியும் கட்டணங்களும் 10. பதினைந்து சதவீதம் பெரும்பாலும் அந்த 60-க்கு மட்டும்தான். மிச்சமாவது 9 டாலர், 15 அல்ல. அதுவும் பல இடங்களில் விலை கூடிய அன்லிமிடெட் பிளானுக்குத்தான் கிடைக்கும். கழிவுக்கு ஆசைப்பட்டு தேவையில்லாத பெரிய பிளானுக்கு ஏறினால், கழிவு போக கட்டுவது சாதா பிளானைவிடக் கூடுதலாகவே இருக்கலாம்.

எதோடு எது சேரும்? வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் ஆட்டோபே கழிவு பெரும்பாலும் ஆபீஸ் கழிவோடு சேரும். புதுப் போன் ஆஃபரும் பல நேரம் சேரும். ஆனால் அது ஒரே அடியாகக் கிடைப்பதில்லை. 24 அல்லது 36 மாதங்களுக்குப் பில்லில் கொஞ்சம் கொஞ்சமாக வரவு வைப்பார்கள். நடுவில் விலகினால் மீதி வரவு போச்சு, போன் பாக்கி முழுசும் தலையில் விழும். மாணவர், ஆசிரியர், ராணுவம், ஆபீஸ் ஆகிய கழிவுகளில் பெரும்பாலும் ஒரு கணக்குக்கு ஒன்றுதான். இரண்டுக்குத் தகுதி இருந்தால் எது பெரிதென்று கணக்குப் போட்டு ஒன்றை எடுங்கள். கடையில் இருப்பவர் “எல்லாம் சேரும் சார்” என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். கம்பெனியின் சாட்டில் கேட்டு, பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஆட்கள் அதிகம் இடறுவது கன்சல்டன்சி விஷயத்தில், அதாவது ஒரு கம்பெனி சம்பளம் கொடுத்து இன்னொரு கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பும்போது. நீங்கள் உட்கார்ந்திருப்பது பெரிய பேங்கின் ஆபீஸாக இருக்கலாம். சம்பளச் சீட்டு யார் பெயரில் வருகிறது? அந்தக் கம்பெனிதான் உங்கள் முதலாளி, கழிவும் அதன் பெயரில்தான் பார்ப்பார்கள். சரிபார்க்க ஆபீஸ் ஈமெயிலோ சம்பளச் சீட்டோ கேட்பார்கள், சில காலம் கழித்து மறுபடியும் கேட்பார்கள். வேலை மாறினால் கழிவு போய்விடும், தவணை போகாது.

உண்மையில் பெரிய மிச்சம் கூட்டாகச் சேர்வதில்தான். நான்கு லைன் ஒரே கணக்கில் வந்தால் ஆளுக்கு ஆகும் செலவு நன்றாக இறங்கும். கழிவு உள்ள ஆபீஸில் வேலை செய்பவர் பெயரில் கணக்கு இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பில் கட்டாவிட்டால் கெடுவது அவருடைய கிரெடிட் மட்டும்தான். ரூம்மேட் யாரென்று ஆறு மாதம் பார்த்துவிட்டுச் சேருங்கள்; நாளைக்கு ஆள் சொல்லாமல் வேறு மாநிலம் போனாலும் பில் வந்துகொண்டேதான் இருக்கும்.

தவணையில் எடுத்த போனைத் தம்பிக்கென்று ஊருக்குக் கொண்டுவருபவர்கள் உண்டு. பாக்கி தீரும்வரை பொதுவாக அது லாக்கில் இருக்கும், ஊர் சிம் வேலை செய்யாது. ஐபோன் 14 முதல் அங்கே விற்கும் ஐபோன்களில் சிம் போட இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதிவாகும் இ-சிம் மட்டும்தான். விமானம் ஏறுமுன் ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய் ‘கேரியர் லாக்’ என்ற வரியைப் பாருங்கள். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்று இருந்தால்தான் பெட்டியில் வைக்கலாம்.